ஏற்காட்டில் ஒரு கேஜன் சட்டி

தமிழ்நாட்டின் நகரங்களில் 'கேஜன்' என்ற சொல்லைச் சந்திக்காமல் இன்று ஒரு மாதத்தைக் கடத்துவது கடினம். உருளைக்கிழங்கின் மேல் தூவுகிறார்கள், கோழியின் மேல் பூசுகிறார்கள், பர்கரின் நடுவே சாந்தாக வழியவிடுகிறார்கள். பேரங்காடியின் மசாலா அடுக்கில் அது ஒரு சிறு புட்டிக்குள் சிவந்த பொடியாக நிற்கிறது. மலைவாசத்தலங்களின் விடுதிகளும் இதற்கு விலக்கில்லை. கேஜன் என்றால் என்ன என்று பரிமாறுகிறவரைக் கேட்டால், "கொஞ்சம் காரமா இருக்கும் சார்" என்பார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்தபோது அது ஒரு கார அளவாகச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான்.

காய்கறியும் சாசேஜும் சேர்த்து ஒரே இரும்புச்சட்டியில் வயிறு நிறையச் சமைக்கும் கேஜன் வீட்டு உணவை ஏற்காட்டில் சமைக்க முடியும், நன்றாகவே சமைக்க முடியும் என்பது என் கட்சி. அதற்கு அந்தப் புட்டி தேவைப்படாது. அவ்வுணவு எந்த நிலைமையில் பிறந்தது என்ற அறிவுதான் தேவை. அந்த அறிவோடு சமைக்கிறவர், சேர்வராயன் மலையில் பெயரில்லாமல் கிடக்கும் வேறொரு சட்டியையும் பார்க்க நேரும். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது விஷயம். ஆனால் முதலாவதைக் கடக்காமல் அதற்குப் போக வழியில்லை.

*

கேஜன் என்பது 'அகேடியன்' என்ற சொல் தேய்ந்து வந்த வடிவம். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிய பிரெஞ்சு உழவர்களின் நாடு அகேடியா. கடலோரச் சதுப்புக்குக் கரை எழுப்பி, உப்புநீரை வடித்து, விளைநிலம் செய்தவர்கள் அவர்கள். 1713இல் அந்நிலம் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள் என்ற காரணத்தைக் காட்டி 1755இல் அவர்களை நாடுகடத்தத் தொடங்கினார்கள். அடுத்த எட்டு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடும் கால்நடையும் இழந்து கப்பல்களில் ஏற்றப்பட்டுச் சிதறடிக்கப்பட்டார்கள். நோயிலும் கடலிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இந்தத் துயரத்தைத்தான் லாங்ஃபெல்லோ 1847இல் 'எவாஞ்சலின்' என்ற நெடுங்கவிதையாக எழுதினார். அகேடியர்களை உலகம் நினைவில் வைத்துக்கொண்டதற்கு அந்தக் கவிதை ஒரு காரணம்.

சிதறியவர்களில் சிலர் 1764 முதல் சிறு குழுக்களாக லூசியானாவை அடைந்தார்கள். 1785இல் மட்டும் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் வந்து இறங்கினார்கள். குளிர்நாட்டுக் கோதுமை உழவன் கொசுவும் வெக்கையும் முதலையும் நிறைந்த சதுப்புக்கு வந்து சேர்ந்தான். அங்கே கோதுமை சரியாக விளையாது. பழகிய காய் இல்லை, பழகிய பருவமும் இல்லை. அவன் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நெல்லையும் வெண்டைக்காயையும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து கற்றான். கேஜன்களின் புகழ்பெற்ற 'கம்போ' குழம்பின் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். குழம்பைக் கெட்டியாக்க சாசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடிக்கும் வித்தையைச் சொக்டா பழங்குடிகள் தந்தார்கள். பிரெஞ்சுச் சமையலின் அடித்தளம் வெங்காயம், செலரி, கேரட் ஆகிய மூன்று. லூசியானாவில் கேரட்டின் இடத்தில் குடைமிளகாய் அமர்ந்தது. பிற்காலத்தில் இந்தப் புதிய மூன்றுக்குப் 'புனித மும்மை' என்று பெயரிட்டார்கள். ஏற்காட்டில் இதே பெயருடைய ஒரு தேவாலயம் இருப்பதை அறிந்தவர்கள் இங்கே புன்னகைக்கலாம்.

சாசேஜ் அந்தச் சட்டிக்குள் வந்த காரணமும் தெரிந்துகொள்ளத் தக்கது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் ஒரு பன்றியை அறுத்தால் அதை ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. எனவே குளிர்காலத்தில் ஊர் கூடி முறைவைத்து அறுத்தார்கள். அன்று தின்றது போக எஞ்சியதை உப்பும் மிளகும் பூண்டும் சேர்த்துக் குடலில் அடைத்துப் புகைபோட்டார்கள். 'ஆண்டூயி' என்ற கரிய சாசேஜ் இந்த வகை. அது நெடுநாள் தாங்க வேண்டியிருந்ததால் சிக்கனமாகவே செலவிடப்பட்டது. பத்து வாய்க்கு ஒரு முழம் சாசேஜ் என்றால், மிச்சத்தை அரிசியும் காயும்தான் நிரப்ப வேண்டும். இறைச்சி அந்தச் சட்டியில் உணவாக இருந்ததைவிட வாசனையாக இருந்ததே அதிகம். நாம் விடுதிகளில் காண்பது இதன் தலைகீழ் வடிவம். தட்டு முழுக்க இறைச்சி, ஓரத்தில் அலங்காரமாக நாலு துண்டு குடைமிளகாய்.

ஒரே சட்டி என்பதும் விருப்பத்தால் வந்த நடைமுறை இல்லை. ஒரு அடுப்பு, ஒரு கனத்த இரும்புச்சட்டி, வயலிலிருந்து திரும்பும் பலர். இதற்குள் என்ன செய்ய முடியுமோ அதுவே சமையல்.

*

இவர்கள் எப்படிப் புட்டிக்குள் போனார்கள்? நடுவில் ஒரு மொழிக் கதை இருக்கிறது. தமிழ் வாசகர்கள் அதை எளிதில் புரிந்துகொள்வார்கள். லூசியானாவின் 1921ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பொதுப்பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே கற்பிப்பு மொழி என்றது. பிரெஞ்சில் பேசிய பிள்ளைகள் பள்ளிகளில் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் தாய்மொழி வெட்கத்துக்குரிய ஒன்றானது. தன் பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுக்காமலிருப்பதே நல்லது என்று பெற்றோர் எண்ணினார்கள். 1968இல் மாநில அரசே பிரெஞ்சை மீட்க ஓர் அமைப்பை உருவாக்கியபோது காலம் கடந்துவிட்டிருந்தது. 'கேஜன்' என்ற சொல்லே நெடுங்காலம் ஏளனச் சொல்லாகத்தான் வழங்கியது.

அதன் பிறகு வந்தவர் பால் புருதோம். 1940இல் லூசியானா கிராமப்புறத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தின் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்து, 1979இல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் தொடங்கியவர். மீன் துண்டை வெண்ணெயில் தோய்த்து, மசாலாவைப் பூசி, புகையெழும்படி காய்ந்த இரும்புச்சட்டியில் கருக்கியெடுக்கும் முறையை 1980களில் அவர் புகழ்பெறச் செய்தார். அது மரபான கேஜன் உணவு இல்லை, அவருடைய கண்டுபிடிப்பு. அமெரிக்கா முழுவதும் அந்த உணவுக்கு அலைந்தது. எந்த அளவுக்கு என்றால், மெக்சிகோ வளைகுடாவில் அந்த மீன் வேகமாகக் குறைந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வணிக மீன்பிடிப்பையே தடுக்க வேண்டிவந்தது. புருதோம் 2015இல் காலமானார். அவர் தன் மக்களின் சமையலை உலகறியச் செய்த கலைஞர், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உலகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது மசாலாவை மட்டும்தான். தன் மொழியைப் பேசியதற்காகப் பள்ளியில் தண்டனை பெற்ற ஒரு சமூகத்தின் பெயர், நாற்பதே ஆண்டுகளில் சேலத்தின் பேரங்காடியில் ஒரு பொடிக்குப் பெயராயிற்று. அந்த நாற்பதாண்டில் அவர்கள் பேச்சுமொழி இன்னும் மெலிந்துவிட்டது.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய அனுபவம் இல்லை. மோசமான மொழிபெயர்ப்பில் நிகழ்வதும் இதுவே. மூலத்தின் சில பகட்டான சொற்கள் வந்துவிடும். வாக்கியங்கள் ஏன் அந்த வரிசையில் நின்றன என்பது வராது. பொடி என்பது சொல். சட்டிக்குள் எது முதலில், எது பிறகு, எது எவ்வளவு என்பது வாக்கியம். மொழிபெயர்க்க வேண்டியது வாக்கியத்தை.

*

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளி ஓக் மரங்களின் நிழலில் காப்பி, அதே மரங்களைப் பற்றியேறும் மிளகுக்கொடி, இடையிடையே ஆரஞ்சும் பலாவும். இதில் மிளகையும் பலாவையும் விட்டால் மற்றவை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பியை இங்கே கொண்டுவந்தார். காப்பியின் பூர்விகம் எத்தியோப்பியா. நிழல்தரும் ஓக் என்று நாம் சொல்லும் மரத்தின் பூர்விகம் ஆஸ்திரேலியா.

காய்கறிக் கடைக்குள் நுழைந்தால் இந்தக் கலப்பு இன்னும் துலக்கமாகத் தெரியும். குடைமிளகாயும் மிளகாயும் பீன்ஸும் அமெரிக்கக் கண்டத்தின் பிள்ளைகள். சௌசௌ மெக்சிகோப் பக்கத்துக் காய். பெங்களூர்க் கத்தரிக்காய் என்ற பெயரில் நாம் அலட்சியமாகக் கூட்டு வைக்கும் அதே சௌசௌவை, நியூ ஆர்லியன்ஸில் 'மெர்லிட்டன்' என்று செல்லமாக அழைத்து, வேலிகளில் கொடியேற்றி, உள்ளே இறாலும் ரொட்டித்தூளும் திணித்துப் பண்டிகை நாட்களில் சமைக்கிறார்கள். லூசியானாவுக்கும் சேர்வராயனுக்கும் நடுவே இப்படி ஒரு காய் ஏற்கெனவே பாலம் போட்டிருக்கிறது. கேஜன் என்று எழுதியிருக்கும் எந்த இந்திய உணவுப்பட்டியலிலும் சௌசௌவை நான் இதுவரை கண்டதில்லை. அது மலிவான காய். மலிவான காய்க்கு அயல்நாட்டுப் பெயர் பொருந்தாது என்று நினைக்கிறோம் போலும்.

இரும்புச்சட்டியைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்கு மேற்கே கஞ்சமலை நிற்கிறது. பழங்காலத்திலேயே இரும்பு உருக்கிய மலை அது. இப்பகுதி வீடுகளில் வடைச்சட்டி என்று சொல்லப்படும் கனத்த இரும்புச்சட்டியும் கேஜன்களின் வார்ப்பிரும்புச் சட்டியும் வேலையில் உறவினர்கள். இரண்டையும் பழக்க வேண்டும். புதுச்சட்டியில் சில நாட்கள் வடித்த கஞ்சியை ஊற்றிவைத்து, பிறகு எண்ணெய் தடவி, வெங்காயத்தை வதக்கிக் கொட்டி, மெல்லக் கருமை ஏற்றுவது நம் பாட்டிமார்களின் முறை. அங்கே கொழுப்பைத் தடவிச் சூடேற்றிப் பழக்குகிறார்கள். பழகிய சட்டிக்குப் புளிப்பு ஆகாது, ஏறிய கருமை இறங்கிவிடும். இதனால்தானோ என்னவோ, நியூ ஆர்லியன்ஸ் நகரத்து 'ஜம்பலாயா' சோற்றில் தக்காளி உண்டு, கேஜன் கிராமத்து ஜம்பலாயாவில் தக்காளி கிடையாது. அது இறைச்சி வறுபட்ட நிறத்தாலேயே பழுப்பேறியது.

*

சமையலுக்குப் போகலாம். நான்கு பேருக்கு: சாசேஜ் கால் கிலோ. சின்ன வெங்காயம் 200 கிராம். குடைமிளகாய் இரண்டு. நடுத்தரச் சௌசௌ ஒன்று. ஒரு கைப்பிடி பீன்ஸ். பூண்டு ஆறு பல். செலரி கிடைத்தால் இரண்டு தண்டு. கிடைக்காவிட்டால் ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தண்டு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் இந்த மாற்று முறைகேடான திருமணம் ஆகாது. மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, அந்த மலையிலேயே விளைந்த மிளகை இடித்து அரைத் தேக்கரண்டி. அரிசி ஒன்றரை டம்ளர். காய்களின் எடை சாசேஜின் எடையைவிட இரண்டு மடங்குக்குக் குறையக்கூடாது என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

சட்டி நன்றாகக் காய்ந்தபின் சாசேஜை வில்லைகளாக அரிந்து போட வேண்டும். பன்றி சாசேஜ் என்றால் எண்ணெய் வேண்டாம், அதன் கொழுப்பே உருகி வரும். கடைகளில் உறைநிலையில் கிடைக்கும் கோழி சாசேஜில் கொழுப்பு குறைவு, ஒரு கரண்டி கடலெண்ணெய் தேவைப்படும். தீ நடுத்தரமாக இருக்கட்டும். கிளறிக்கொண்டே இருக்கக்கூடாது. வில்லை சட்டியில் ஒட்டி, பழுப்பேறி, தானாக விடுபடும்வரை காத்திருக்க வேண்டும். நம் சமையலில் அடிப்பிடிப்பது குற்றம். இந்தச் சமையலில் அளவாக அடிப்பிடிப்பதுதான் அஸ்திவாரம். பால்கோவாவின் அடியில் ஒட்டிய காந்தலுக்குச் சண்டையிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாசேஜை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதே கொழுப்பில் வெங்காயம். அது பொன்னிறம் தாண்டிப் பழுப்பைத் தொடும்போது குடைமிளகாயும் தண்டும். அவை தளர்ந்ததும் பூண்டு, மிளகாய்த்தூள், மிளகு. பொடிகள் கொழுப்பில் அரை நிமிடம் வறுபட வேண்டும், கருகக்கூடாது. பிறகு அரை டம்ளர் வெந்நீரை ஊற்றி, சட்டியின் அடியில் ஒட்டிய பழுப்பையெல்லாம் சுரண்டிக் கரைக்க வேண்டும். இந்த உணவின் சுவை முழுவதும் இந்த ஒரு நிமிடத்தில்தான் உருவாகிறது. புட்டிப் பொடியால் இதை ஈடுசெய்ய முடியாது. இதன் பிறகு சௌசௌ, பீன்ஸ், கழுவிய அரிசி, எடுத்துவைத்த சாசேஜ், தண்ணீர். உப்பைக் கடைசியில் சுவைத்துவிட்டே போட வேண்டும், சாசேஜில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

தண்ணீரில் மலைக்குரிய ஒரு திருத்தம் உண்டு. ஏற்காட்டின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் வேகும் நேரத்தில் இங்கே அரிசி வேகாது. சமவெளியில் மூன்று டம்ளர் வைக்கும் இடத்தில் மூன்றரை வைத்து, கனமான மூடியிட்டு, தீயைத் தணித்து, சில நிமிடங்கள் கூடுதலாக விட வேண்டும். இறக்கியபின் பத்து நிமிடம் திறக்காமல் இருந்து, வெங்காயத்தாளை அரிந்து தூவிப் பரிமாறலாம்.

நண்பர் ஒருவரின் தோட்டத்து வீட்டில் இதைச் சமைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "அரிசியும் இதுலயே வேகுதுங்களா? அப்ப ஒரு சட்டிதான் கழுவணுங்க." கேஜன் சமையலைப் பற்றி நான் படித்த எந்த நூலும் அதன் சாரத்தை இத்தனை சுருக்கமாகச் சொல்லவில்லை.

*

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். முதலாவது, இது அசல் இல்லை என்பது. ஆண்டூயி இல்லை, செலரி இல்லை, சின்ன வெங்காயம் லூசியானாவில் கிடையாது. உண்மைதான். ஆனால் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய மக்களின் உணவுக்கு, கிடைக்காததை வரவழைத்துத்தான் சமைக்க வேண்டும் என்று விதிப்பது அந்த உணவையே மறுப்பது. அகேடியன் தன் கேரட்டை விட்டுக் குடைமிளகாயை எடுத்தான். நாம் செலரியை விட்டுக் கொத்தமல்லித் தண்டை எடுக்கிறோம். அவன் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பன்றி. தமிழ்நாட்டில் பன்றிக்கறி உண்பது நெடுங்காலமாகச் சாதியோடு கட்டப்பட்டிருக்கிறது. சாலையோரக் கடையில் 'வெண்பன்றி இறைச்சி' என்று பலகை தொங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள், விடுதியின் காலையுணவு மேசையில் 'சாசேஜ்' என்ற சீட்டு வைத்திருந்தால் இரண்டு எடுத்துத் தட்டில் வைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலப் பெயர் தீட்டைக் கழுவிவிடுகிறது. இதை நாம் பேசுவதில்லை. உண்ணாதவர்கள் உண்ண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவரவர் நாக்கும் மனமும் தீர்மானிப்பது. ஆனால் ஒரே இறைச்சி, உண்கிறவனின் தகுதியைப் பொறுத்து ஓரிடத்தில் இழிவாகவும் இன்னோரிடத்தில் நாகரிகமாகவும் ஆகுமென்றால், நாம் ருசிப்பது இறைச்சியை இல்லை, பெயரை.

பன்றி வேண்டாதவர்களுக்கு நம்மிடமே பதில் இருக்கிறது. சாசேஜ் அந்தச் சட்டியில் செய்யும் வேலை என்ன? கெடாமல் காத்த இறைச்சி, உப்பும் வாசனையும் ஏறியது, கொஞ்சம் போட்டால் பெருஞ்சட்டி மணக்கும். நம் உப்புக்கண்டம் இதே வேலையைச் செய்வது. ஆட்டுக்கறியை நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவிக் கொடியில் கோத்துக் காயவைத்துப் பாட்டிகள் பானைகளில் சேமித்த அந்தப் பண்டம் இன்று அருகிவிட்டது. இருபது கிராம் கருவாடு ஒரு குடும்பத்தின் கத்தரிக்காய்க் குழம்பை நடத்துவதும் இதே கணக்குத்தான். சங்கப் பாடல்கள் ஊன்சோற்றைப் பேசுகின்றன. திருநெல்வேலிக்காரர்கள் அரிசியும் பருப்பும் காயும் கீரையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டாஞ்சோறு ஆக்குகிறார்கள். ஒற்றைச் சட்டி நமக்கு அந்நியமானது என்று யாராவது சொன்னால் அவர் நம் அடுக்களைக்குள் போனதில்லை என்றே பொருள்.

*

முதலில் சொன்ன அந்தப் பெயரில்லாத சட்டிக்கு இப்போது வருகிறேன்.

சேர்வராயன் மலையின் குடிகள் மலையாளிகள் எனப்படுவோர். கேரளத்தோடு அவர்களுக்குச் சம்பந்தமில்லை. மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர், பேசுவது தமிழ். அவர்களுடைய தோற்றக் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் பதிந்திருக்கிறார். காஞ்சிபுரத்தைவிட்டுத் தம் தெய்வத்தோடு வெளியேறிய அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்தார்கள். மூத்தவன் வழிவந்தவர்கள் சேர்வராயனில் இருப்பவர்கள், மற்றவர்கள் வழியில் வந்தவர்கள் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் இருப்பவர்கள். வரலாறா தொன்மமா என்று நான் வாதிடப்போவதில்லை. தாங்கள் இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்று ஒரு சமூகம் தலைமுறைகளாகத் தனக்குள் சொல்லிவருகிறது, அது போதும். சமவெளியை விட்டு மலைக்கு வந்தவர்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து, அவரையும் மொச்சையும் சேர்த்து, ஒரு சட்டியில் ஆக்கி உண்டார்கள். அகேடியனின் கதைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

ஆனால் அகேடியனின் சட்டிக்குப் பெயர் உண்டு. அதை ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணி சொல்லிக் கேட்டு வாங்க முடியும். சேர்வராயன் மலையாளியின் சட்டிக்கு அவனுடைய சொந்த மலையிலேயே ஓர் உணவுப்பட்டியலில் இடமில்லை. சரிவுகளைக் காப்பித் தோட்டங்கள் எடுத்துக்கொண்டன. பங்கீட்டுக் கடை அரிசி பசியைப் போக்கியது, அது நல்லதே, கூடவே சாமையைத் தேவையற்றதாக்கியது. பக்கத்துக் கொல்லிமலையில் மரவள்ளி பரவிச் சிறுதானிய நிலம் சுருங்கியதும், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்குள்ள விதைகளைக் காக்க மக்களோடு சேர்ந்து உழைப்பதும் பதிவானவை. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, அதுவும் இந்தியாவின் முன்மொழிவில். விளைவு என்ன? சாமை இன்று பளபளக்கும் பொட்டலத்தில், சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது என்ற அச்சிட்ட வாசகத்தோடு, நகரத்து அலமாரியில் இருக்கிறது. அதை யார் எந்தச் சட்டியில் எதனோடு சேர்த்து ஆக்கினார்கள் என்பது பொட்டலத்தில் இல்லை. கேஜனுக்கு நடந்தது சாமைக்கும் நடக்கத் தொடங்கிவிட்டது. ஒன்றில் மக்களின் பெயர் மட்டும் தங்கி மக்கள் காணாமல் போனார்கள். மற்றொன்றில் மக்களின் பெயர்கூடத் தங்கவில்லை.

இதற்காக விடுதிகள் நாளைக் காலையே 'மலையாளி உணவு' என்று பலகை மாட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. அப்படி மாட்டினால் அடுத்த ஆண்டு அதற்கும் ஒரு பொடி வந்துவிடும். நான் கேட்பது இன்னும் சிறியது. உணவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊர் ஊராகப் பிரியாணிக் கடைகளைப் பட்டியலிடும் ஆர்வத்தில் நூறில் ஒரு பங்கை எடுத்து, யாராவது ஒருவர் சேர்வராயனின் ஒரு சிற்றூரில் ஓராண்டு முழுக்க எந்த மாதம் எந்த வீட்டில் என்ன ஆக்கப்படுகிறது, அதை அவர்கள் என்ன சொல்லால் குறிக்கிறார்கள் என்று உட்கார்ந்து எழுத வேண்டும். செய்முறையாக எழுதினால் போதாது. ஏன் அந்தக் காய், ஏன் அந்த அளவு, யார் முதலில் உண்பது, எது இல்லாதபோது எது என்று எழுத வேண்டும். லாங்ஃபெல்லோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த மலையிலேயே பிறந்த ஒருவர் எழுதினால் அதைவிடச் சிறப்பு.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேலே சொன்ன சட்டியில் அரிசிக்குப் பதிலாகச் சாமையைப் போட்டுப் பாருங்கள். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் போதும், அரிசியைவிட விரைவில் வெந்துவிடும், சுரண்டிக் கரைத்த பழுப்பை அரிசியைவிட ஆவலாக உறிஞ்சிக்கொள்ளும். அதற்குக் கேஜன் என்று பெயரிடலாமா என்று கேட்டால், தாராளமாக இடலாம் என்பேன். இடும்போது அதில் பாதி சேர்வராயனுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.